பழைய டீசல் காரில் டைமிங் பார்ப்பது: சொட்டு முறை

டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்தில் என் வீட்டு வாசலில் ஒரு மெர்சிடிஸ் 240டி நிற்கிறது. டபிள்யூ123 வகை. போன மாதம் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கைத் தாண்டி டவுன் ஹில் ஏற்றத்தில் பாரம் ஏற்றிய லாரிகூட என்னை முந்திப் போனது. காலையில் ஸ்டார்ட் பண்ணினால் வெள்ளைப் புகை வேறு. டீசல் பீய்ச்சும் நேரம் பிந்திவிட்டது என்று பட்டது. காதால் கேட்டே டீசல் பீய்ச்சும் பம்பைத் திருப்பிவிடுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. முதலில் பாருங்கள், பிறகு தொடுங்கள்.

என்ஜின் ஆறியிருக்கட்டும். கியர் நியூட்ரல், ஹேண்ட்பிரேக் இழுத்தபடி. இந்தக் காரின் பானட்டைச் செங்குத்தாக நிறுத்தலாம். வசதியாக அதில் ஒரு டீசல் கேனைக் கட்டித் தொங்கவிட்டு, குழாயை பம்பின் உள்வழியில் மாட்டுங்கள். ஆக்சிலரேட்டர் லீவரை முழுக்க இழுத்துக் கட்டுங்கள். கட்டாவிட்டால் அளவு பொய் சொல்லும்.

வால்வு கவரைக் கழற்றி, 27 மி.மீ. பாக்ஸ் ஸ்பேனரால் கிராங்க் (என்ஜினின் முதன்மைச் சுழல்தண்டு) போல்ட்டை முன்னாலிருந்து பார்க்கும்போது வலச்சுற்றாகத் திருப்புங்கள். முதல் சிலிண்டரின் இரண்டு கேம் மூக்குகளும் (வால்வுகளைத் திறக்கும் மேடுகள்) மேலே பார்க்கத் தொடங்கும்போது நிறுத்துங்கள்.

இனிதான் நுணுக்கமான வேலை. பம்பில் முதல் சிலிண்டருக்குப் போகும் பைப்பைக் கழற்றி, அடியிலுள்ள டெலிவரி வால்வு ஹோல்டரைத் திறந்து, ஸ்பிரிங்கையும் வால்வையும் எடுத்து, சுத்தமான டீசல் ஊற்றிய கிண்ணத்தில் போடுங்கள். ஒரு மணல் துகள் ஒட்டினாலும் வால்வு கெட்டுவிடும். ஹோல்டரைத் திரும்ப மாட்டி, அதன் மேல் வளைந்த சிறு குழாய் ஒன்று. டீசல் நூல் போல ஒழுகும்.

இப்போது கிராங்கை மயிரிழை மயிரிழையாகத் திருப்புங்கள். ஒழுக்கு மெலியும், அறும், சொட்டாகும். நொடிக்கு ஒரு சொட்டு என்று வந்ததும் கையை எடுத்துவிட்டு, டார்ச் அடித்து முன்பக்க டேம்பர் (கிராங்க் முனையிலுள்ள சக்கரம்) அளவுகோலைப் பாருங்கள். டிடிசிக்கு (பிஸ்டன் உச்சிக்கு வரும் புள்ளிக்கு) முன்னால் 24 டிகிரி காட்ட வேண்டும். தாண்டிவிட்டீர்களா? பின்னால் திருப்பாதீர்கள், பம்பை ஓட்டும் டைமிங் செயினின் தளர்வு அளவில் ஏறிவிடும். இரண்டு முழுச் சுற்று திருப்பி மறுபடி வாருங்கள். முதல் தடவை நான் சோம்பலில் பின்னால் திருப்பி, இல்லாத கோளாறைத் தேடி ஒரு மாலையைத் தொலைத்தேன்.

எனக்கு 20 காட்டியது. நீண்டுபோன டைமிங் செயின் இப்படித்தான் பிந்த வைக்கும். இப்படி நாலு டிகிரி பிந்திவிட்டால் செயினையும் ஒருமுறை சோதியுங்கள். பம்ப் நட்டுகளைத் தளர்த்தி, பம்பை என்ஜின் பக்கம் சாய்த்தால் முந்தும், வெளிப்பக்கம் சாய்த்தால் பிந்தும். இறுக்கியபின் சொட்டை மறுபடி பாருங்கள், இறுக்கும்போது நகர்ந்திருக்கும்.

வால்வை அதே வரிசையில், புது செம்பு வாஷரோடு மாட்டி, காற்றை வெளியேற்றி ஸ்டார்ட் செய்யுங்கள். பைப் நட்டுகளில் கசிவு இருக்கிறதா என்று அட்டைத் துண்டைப் பிடித்துப் பாருங்கள். விரலை நீட்டாதீர்கள், அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.