பப் அலமாரிக்கு போர்டு கேம், சீட்டு விளையாட்டு தேர்ந்தெடுப்பது எப்படி? முதன்முறை வாங்குபவர்களுக்கு

பப்பில் ஒரு விளையாட்டு அலமாரி வைப்பது என்று முடிவாகிவிட்டது. அடுத்து பலரும் செய்வது, "சிறந்த 20 போர்டு கேம்கள்" என்று தேடி, வரும் பட்டியலை அப்படியே வாங்கி அடுக்குவது. நானும் அப்படித்தான் தொடங்கினேன். முதல் மாதம் முடியும்போது பாதிப் பெட்டிகளின் மேல் தூசி படிந்திருந்தது. அந்த விளையாட்டுகள் மேல் குறை ஒன்றும் இல்லை. விளையாடுவதற்கென்றே வீட்டில் கூடி உட்காருபவர்களுக்காகப் போட்ட பட்டியல் அது. பப்புக்கு வருபவர்கள் பேசவும் குடிக்கவும் வருகிறார்கள். பேச்சு கொஞ்சம் ஓயும்போது யாராவது ஒருவர் எழுந்து போய் ஒரு பெட்டியை எடுத்து வருவார், அவ்வளவுதான். சொல்லித்தர ஆள் கிடையாது. வெளிச்சம் மங்கல், மேஜை ஈரம், சுற்றிலும் சத்தம். இத்தனைக்கும் ஈடுகொடுக்கும் பெட்டிதான் நமக்கு வேண்டும்.

படி 1: வாங்கும் முன் ஒரு மாலை சும்மா உட்காருங்கள்

கூட்டம் இருக்கும் ஒரு மாலையில், மூலை மேஜை ஒன்றில் உட்கார்ந்து கவனியுங்கள். ஒவ்வொரு மேஜையிலும் எத்தனை பேர், எவ்வளவு நேரம் இருக்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். நான் குறித்தபோது பாதிக்கும் மேல் இரண்டு பேர் மேஜைகள்தான். ஆனால் நான் வாங்கி வைத்திருந்ததெல்லாம் நான்கு பேர் ஆடுவது!

அப்புறம் மேஜை. காலி மேஜையை அளந்து பயனில்லை. நான்கு கிளாஸ், ஒரு தட்டு, நான்கு போன் எல்லாவற்றையும் வைத்துவிட்டு, நடுவில் ஓர் ஏ4 தாளை விரித்துப் பாருங்கள். தாள் விரிகிற இடம்தான் உங்கள் விளையாட்டுக்கான இடம். டிக்கெட் டு ரைட் மிக நல்ல விளையாட்டு. ஆனால் அதன் பலகையை விரித்தால் கிட்டத்தட்ட 80 சென்டிமீட்டர் நீளம் வரும். சின்ன வட்ட மேஜையில் கிளாஸை மடியில்தான் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

வெளிச்சத்தையும் அதே மாலையில் சோதித்துவிடுங்கள். குவிர்க்கிள் என்ற விளையாட்டில் 108 மரக்கட்டைகள், ஆறு நிறம், ஆறு வடிவம். கட்டைகள் உறுதியானவை, ஈரம் பட்டாலும் துடைத்துவிடலாம், பப்புக்கென்றே செய்ததுபோல் இருக்கும். ஆனால் மஞ்சள் விளக்கின் கீழ் சிவப்பும் ஆரஞ்சும் ஒன்றுபோலத் தெரிந்தன. கட்டையைத் தூக்கிப் பிடித்து "இது என்ன கலர்?" என்று பக்கத்து மேஜையில் கேட்டவரை நான் பார்த்திருக்கிறேன். ஜன்னலோரம் நல்ல விளக்கு உள்ள மேஜை இருந்தால் குவிர்க்கிளை அங்கே வையுங்கள். நிறத்தை மட்டும் நம்பும் விளையாட்டுகளை இருட்டு மூலைக்கு அனுப்பாதீர்கள்.

படி 2: ஐந்து நிமிடச் சோதனை

இந்தப் படியை மட்டும் தவறவிடாதீர்கள். வாங்க நினைக்கும் விளையாட்டை இதுவரை பார்க்காத இரண்டு பேரிடம் கொடுங்கள். போனில் நேரத்தை ஓடவிடுங்கள். வாயைத் திறக்காதீர்கள். முதல் ஆட்டக்காரர் முதல் காயை நகர்த்தவோ முதல் சீட்டைப் போடவோ ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆனால், அந்தப் பெட்டி உங்கள் அலமாரிக்கு உதவாது.

நான் சோதித்ததில் டாபிள் ஒரு நிமிடம்கூட எடுக்கவில்லை. சீட்டுக்கு எட்டுப் படம். எந்த இரண்டு சீட்டை எடுத்தாலும் இரண்டிலும் இருக்கும் படம் ஒன்றே ஒன்று. அதை முதலில் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். இதைச் சொல்லி முடிப்பதற்குள் ஆட்டம் தொடங்கிவிடும்.

கார்கசோன் எனக்கு மிகவும் பிடித்தது. 72 அட்டைகளை ஒவ்வொன்றாக வைத்து ஊரும் சாலையும் கட்டும் விளையாட்டு. என் நண்பர்கள் இரண்டு பேரும் முதல் சில நிமிடம் நன்றாகவே போனார்கள். வயலில் படுக்கவைக்கும் விவசாயிகளுக்குப் புள்ளி எப்படி என்ற பக்கத்துக்கு வந்ததும் ஒருவர் போனை எடுத்துவிட்டார். விவசாயி விதியை விட்டுவிட்டு ஆடச் சொல்லி இன்னொரு ஜோடியிடம் கொடுத்தேன். நான்காவது நிமிடத்தில் அட்டை இறங்கியது. ஆக, சோதனையில் தோற்ற எல்லாவற்றையும் தூக்கிப் போட வேண்டியதில்லை. எந்த விதியில் தடுக்குகிறது என்று பாருங்கள். அதை எடுத்துவிட்டாலும் ஆட்டம் நன்றாகவே நடக்கும் என்றால் வாங்கலாம்.

படி 3: ஒரு காய் தொலைந்தால் என்ன ஆகும்?

தொலையும். இதில் சந்தேகமே வேண்டாம். எனவே வாங்கும்போதே இந்தக் கேள்வியைக் கேட்டுவிடுங்கள்.

கோபுரமாக அடுக்கிய கட்டைகளை ஒவ்வொன்றாக உருவும் ஜெங்காவில் 54 கட்டை. ஒன்றிரண்டு போனாலும் கோபுரம் நிற்கும். செஸ்ஸில் ஒரு சிப்பாய் காணாமல் போனால் பாட்டில் மூடியை வைத்து ஆடலாம். டோமினோவில் புள்ளி போட்ட 28 காய். ஒன்று போனாலே கணக்கு பிசகும் என்பதால் இரண்டு செட் ஒரே மாதிரியாக வாங்கிவிடுவது நல்லது. ஒன்று மற்றொன்றுக்கு உதிரி. டாபிள் இந்த விஷயத்தில் அற்புதம். அதன் கணக்குப்படி 57 சீட்டு வரை போகலாம், பெட்டியில் வருவது 55தான். எத்தனை சீட்டு தொலைந்தாலும் மிஞ்சியவற்றில் எந்த இரண்டுக்கும் பொதுவாக ஒரு படம் இருந்தே தீரும். பத்துச் சீட்டு போனாலும் புதிதாக வருபவருக்குத் தெரியவே தெரியாது.

கூ என்ற விளையாட்டில் முக்கியமான சீட்டுகளே 15தான். ஒன்று போனால் ஆட்டமே போச்சு. லவ் லெட்டரின் பழைய பதிப்பில் மொத்தமே 16. இரண்டுமே நல்ல விளையாட்டுகள். இந்த மாதிரி சின்னப் பெட்டிகளை அலமாரியில் விடாமல், கேட்டால் கவுன்டரிலிருந்து எடுத்துக் கொடுக்கும்படி வைத்துக்கொள்ளுங்கள்.

தொலைவதைவிட மோசமானது கறை. ஒரு சீட்டின் முதுகில் கறை பட்டுவிட்டால், அது யார் கையில் இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். மறைத்து ஆடும் எந்த விளையாட்டும் அதோடு முடிந்தது.

படி 4: ஈரம்

வாங்கி இரண்டே நாளான ஒரு பலகையின் மேல் யாரோ குளிர்ந்த கிளாஸை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். இரவில் துடைத்தேன். காலையில் பார்த்தால், வட்டம் இருந்த இடத்தில் காகிதம் எழும்பி, அட்டை ஊதி, மடிப்பு மூட மறுத்தது. அன்றிலிருந்து நான் முதலில் பார்ப்பது, அந்த விளையாட்டு எதனால் செய்தது என்பதைத்தான்.

சாதாரண சீட்டுக்கட்டு வாங்கினால் முழுக்க பிளாஸ்டிக்கில் வருவதை வாங்குங்கள். ஈரத்துணியால் துடைத்து மறுபடி அடுக்கிவிடலாம். காகிதச் சீட்டுகளுக்கு உறை போடுங்கள். உறை போட்ட கட்டு தடித்துவிடும், பழைய பெட்டியில் நுழையாது, அதற்கொரு டப்பாவும் சேர்த்து வாங்குங்கள். இரண்டு பேர் ஆடுவதற்கு ஹைவ் என்ற விளையாட்டை யார் கேட்டாலும் சொல்வேன். பலகையே கிடையாது. ஆளுக்கு 11 கனமான அறுகோணக் காய்கள், அவற்றையே மேஜையில் வைத்து நகர்த்த வேண்டும். பீர் கொட்டினால் காய்களைக் கழுவிவிட்டு ஆட்டத்தைத் தொடரலாம்.

படி 5: வாங்கக் கூடாதவை

மோனோபோலி வேண்டாம். முடியும் முன் கடை மூடும் நேரம் வந்துவிடும், நடுவில் வெளியேறுபவரால் ஆட்டம் குலையும். கட்டான் ஒன்றேகால் மணி நேரம் சுலபமாக இழுக்கும். வாரம் ஒரு நாள் விளையாட்டுக்கென்றே கூடும் கூட்டம் உங்களிடம் இருந்தால் மட்டும் யோசியுங்கள். பொது அறிவுக் கேள்வி விளையாட்டுகளின் பழைய பதிப்புகள் மலிவாகக் கிடைக்கும், ஆனால் பதில்கள் காலாவதியாகியிருக்கும். எக்ஸிட் வகைப் புதிர்ப் பெட்டிகளில் சீட்டை வெட்டி, மடித்து, கிழித்து ஆட வேண்டும். ஒரு மேஜை ஆடியதும் பெட்டி காலி.

ஜெங்கா பற்றி எனக்குக் கலவையான எண்ணம். எல்லோருக்கும் தெரியும், யாரும் விதி கேட்பதில்லை. ஆனால் 18 அடுக்கு மரக்கோபுரம் கிளாஸ்களுக்கு நடுவே சரிந்தால் உடைசல்தான். கிளாஸ் வைக்க இடமில்லாத ஒரு சின்ன ஸ்டூலை அதற்கென்று ஒதுக்க முடிந்தால் வாங்குங்கள்.

வார்த்தை விளையாட்டுகளில் இன்னொரு விஷயம். கோட்நேம்ஸ் நான்கு பேருக்கு மேல் உள்ள கூட்டத்துக்கு அருமையானது. 25 வார்த்தைகளை மேஜையில் பரப்பி, ஒரே குறிப்பில் பல வார்த்தைகளைக் கண்டுபிடிக்க வைக்க வேண்டும். 2016இல் ஜெர்மனியின் ‘ஸ்பீல் டெஸ் யாரெஸ்’ (ஆண்டின் விளையாட்டு) விருதை வாங்கியது. ஆனால் சீட்டில் உள்ள மொழி மேஜையில் எல்லோருக்கும் சரளமாக இருந்தால்தான் சுவை. பல மொழிக்காரர்கள் வரும் இடம் என்றால், அதே விளையாட்டின் படப் பதிப்பை வாங்கிவிடுங்கள்.

படி 6: முதல் பத்துப் பெட்டி

ஒரே நாளில் முப்பது வாங்க வேண்டாம், பத்து போதும். நான் இன்று புதிதாகத் தொடங்கினால் இவற்றை எடுப்பேன்: பிளாஸ்டிக் சீட்டுக்கட்டு இரண்டு (முதுகு நிறம் வேறு வேறாக, கலந்துவிட்டால் பிரிக்க வசதி), டோமினோ இரண்டு செட், ஒரு கிரிபேஜ் பலகை (கிரிபேஜ் என்ற சீட்டாட்டத்தில் புள்ளிகளைக் குச்சி செருகி எண்ணுவதற்கு), செஸ், ஹைவ். பெரிய கூட்டத்துக்கு டாபிள், ஸ்கல், பத்துப் பேர் வரை ஆடக்கூடிய சிக்ஸ் நிம்ட் என்ற சீட்டு விளையாட்டு. டோமினோவும் கிரிபேஜும் இங்கிலாந்து பப்களில் தலைமுறை தலைமுறையாக ஆடப்படுபவை. இத்தனை காலம் தாக்குப்பிடித்ததற்குக் காரணம், சின்ன மேஜையில் பேச்சை நிறுத்தாமல் ஆட முடிவதுதான். சீட்டுக்கட்டை வாங்கும்போதே ஒன்று முடிவு செய்துகொள்ளுங்கள்: பணம் வைத்து ஆடக் கூடாது என்று அலமாரியில் எழுதி ஒட்டுங்கள். சூதாட்டச் சட்டம் இடத்துக்கு இடம் மாறும், பப்பின் உரிமத்தோடு விளையாட வேண்டாம்.

படி 7: விதியை நீங்களே எழுதுங்கள்

பெட்டியில் வரும் விதிப் புத்தகத்தைப் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டு, உள்ளங்கை அளவு அட்டை ஒன்றில் உங்கள் வார்த்தையில் எழுதி, லேமினேட் செய்து பெட்டிக்குள் போடுங்கள். எழுத்து பெரிதாக இருக்கட்டும். ஸ்கல் விளையாட்டுக்கு நான் எழுதியது இது:

"3 முதல் 6 பேர். ஆளுக்கு நான்கு வில்லை: மூன்று பூ, ஒரு மண்டையோடு. எல்லோரும் ஒன்றைக் கவிழ்த்து வைக்கவும். பிறகு முறை வரும்போது இன்னொன்றைக் கவிழ்த்து அடுக்கலாம், அல்லது ‘மண்டையோடு வராமல் இத்தனை வில்லையைத் திருப்புவேன்’ என்று எண் சொல்லிச் சவால் விடலாம். சவால் வந்துவிட்டால் அடுத்தவர் எண்ணை உயர்த்த வேண்டும், இல்லையென்றால் விலக வேண்டும். அதிகம் சொன்னவர் முதலில் தன் அடுக்கு முழுவதையும், பிறகு மற்றவர்களுடையதை மேலிருந்தும் திருப்புவார். எல்லாம் பூ என்றால் ஒரு வெற்றி. மண்டையோடு வந்தால் ஒரு வில்லை போச்சு. இரண்டு வெற்றி எடுத்தவர், அல்லது கடைசிவரை வில்லை வைத்திருப்பவர் ஜெயித்தார்."

அவ்வளவுதான். ஸ்கல் வில்லைகள் பார்க்க கிளாஸுக்கு அடியில் வைக்கும் அட்டை மாதிரியே இருக்கும். எனவே கடைசி வரியாக "கிளாஸை இதன் மேல் வைக்காதீர்கள்" என்று சேர்த்துக்கொண்டேன். வில்லை தொலைந்தால் ஆளுக்கு மூன்று சிவப்புச் சீட்டு, ஒரு கறுப்புச் சீட்டு என்று சீட்டுக்கட்டிலிருந்து கொடுத்தும் ஆடலாம்.

படி 8: அடுக்குவதும் எண்ணுவதும்

பெட்டிகள் படுத்த நிலையில் இருக்கட்டும், நிமிர்த்தி வைத்தால் உள்ளே எல்லாம் கலந்துவிடும். வெளியே தெரியும் பக்கத்தில் "2 பேர், 20 நிமிடம்" என்பதுபோல் பெரிய எழுத்தில் ஒட்டுங்கள். எத்தனை பேர், எவ்வளவு நேரம் என்பதைத்தான் எடுப்பவர் முதலில் தேடுகிறார். ரப்பர் பேண்ட் போடாதீர்கள், சீட்டின் ஓரத்தை வெட்டிவிடும். ஜிப் பை போதும். மூடியின் உள்பக்கம் "28 காய், 1 விதி அட்டை" என்று எழுதுங்கள். திருப்பி வைப்பவர்களில் பலர் அதைப் பார்த்து எண்ணி வைக்கிறார்கள், நான் எதிர்பார்த்ததைவிட அதிகம் பேர். வாரத்தில் கூட்டமில்லாத ஒரு மதியம் நீங்களும் ஒருமுறை எண்ணிவிடுங்கள். குறையுள்ள பெட்டியை அன்றே அலமாரியிலிருந்து எடுத்துவிடுங்கள். பாதி ஆட்டத்தில் காய் இல்லை என்று கண்டுபிடித்தவர் மறுபடி அந்த அலமாரி பக்கம் வரமாட்டார்.

படி 9: அடுத்து என்ன வாங்குவது

ஒவ்வொரு மூடியின் உள்ளேயும் ஒரு சின்னத் தாள் ஒட்டுங்கள். பெட்டி மேஜைக்குப் போகும் ஒவ்வொரு முறையும் அதில் ஒரு கோடு. மூன்று மாதம் கழித்துக் கோடுகளை எண்ணுங்கள். ஐந்துக்குக் கீழே இருந்தால் அந்தப் பெட்டியைக் கொடுத்துவிட்டு வேறு வாங்குங்கள், எவ்வளவு பிடித்திருந்தாலும் சரி. என் கார்கசோனில் நான்கு கோடு இருந்தது. அதை வீட்டுக்கு எடுத்துப் போனேன். டோமினோ மூடியில் தாள் நிறைந்து, இரண்டாவது தாள் ஒட்டி, அதுவும் முக்கால்வாசி முடிந்திருந்தது. காலியான இடத்துக்கு மூன்றாவது டோமினோ செட் வந்தது.