கணக்குப் பயிற்சிப் புத்தகம்: வீட்டில் எப்படிப் போட வைப்பது, தப்பை எப்படிப் படிப்பது

அட்டையில் '3ஆம் வகுப்பு' என்று போட்டிருந்தால் மூன்றாவது படிக்கிற எல்லாப் பிள்ளைக்கும் அந்தப் புத்தகம் பொருந்திவிடாது. தொடங்குவதற்கு முன் ஒரு சின்னச் சோதனை வையுங்கள். முந்தைய வகுப்புப் பாடத்தின் கடைசி இரண்டு மூன்று பாடங்களிலிருந்து பத்துக் கணக்குகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, எந்த உதவியும் செய்யாமல் போடச் சொல்லுங்கள். எட்டோ அதற்கு மேலோ சரியாக வந்தால் இந்த வகுப்புப் புத்தகத்தைத் திறக்கலாம். ஆறு, ஏழு என்றால் தவறிய பகுதியை மட்டும் ஒரு வாரம் பார்த்துவிட்டுத் திறக்கலாம். அதற்கும் கீழே போனால் ஒரு வகுப்புக் குறைந்த புத்தகம்தான் சரி. கீழ்வகுப்புப் புத்தகம் என்று பிள்ளை கூச்சப்பட்டால் அட்டைக்குத் தாள் உறை போட்டுவிடுங்கள், அவ்வளவுதான் விஷயம்.

புத்தகத்தைத் தேர்ந்தெடுக்கும்போது நடுப்பக்கம் ஒன்றைத் திறந்து பாருங்கள். 1, 2ஆம் வகுப்புக்கு ஒரு பக்கத்தில் பத்துப் பன்னிரண்டு கணக்குக்கு மேல் இருந்தால் பார்த்த உடனேயே பிள்ளைக்கு மலைப்பாகிவிடும். விடை எழுதும் கட்டம் போக, வழியை எழுதிப் பார்க்கவும் இடம் இருக்க வேண்டும். சில பாடங்களுக்கு ஒருமுறை எல்லாம் கலந்து வரும் பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாத புத்தகத்தை வாங்காமல் இருப்பதே நல்லது. காரணம் கீழே வருகிறது. வண்ணப்படங்கள் எவ்வளவு என்பதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். பக்கம் முழுக்கக் கரடியும் பலூனுமாக இருந்தால் எண் எங்கே என்று பிள்ளை தேட வேண்டியிருக்கும்.

விடைகள் கடைசிப் பக்கங்களில் இருந்தால் வாங்கிய அன்றே வெட்டி எடுத்து உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள்.

நேரம்

1, 2ஆம் வகுப்புக்குப் பத்து நிமிடம். 3 முதல் 5 வரை பதினைந்திலிருந்து இருபது நிமிடம். வாரத்துக்கு நான்கைந்து நாள். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் உட்கார வைப்பதைவிட இது பல மடங்கு பயன் தரும். ஒரே அளவு பயிற்சியை ஒரே மூச்சில் முடிப்பதைவிட நாட்களுக்கு இடையே பிரித்துச் செய்தால் நினைவில் நிற்கிறது என்பதை ஜெர்மன் உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885இலேயே தன்னையே சோதித்து எழுதிவைத்தார்.

'பக்கம் முடிந்தால் எழுந்துவிடலாம்' என்று சொன்னால் பிள்ளை பறந்து பறந்து எழுதும். 'பதினைந்து நிமிடம் ஆனால் எழுந்துவிடலாம்' என்று மட்டும் சொன்னால் பென்சில் சீவியே பத்து நிமிடம் போகும். இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள்: பதினைந்து நிமிடம் அல்லது எட்டுக் கணக்கு, எது முதலில் வருகிறதோ அதோடு சரி. நேரம் முடிந்ததும் பக்கம் பாதியில் இருந்தாலும் மூடிவிடுங்கள். இன்றைக்கு நன்றாகப் போடுகிறானே, இன்னும் ஒரு பக்கம் போடட்டும் என்று நீட்டினால், நன்றாகப் போட்டால் வேலை கூடும் என்பதைத்தான் பிள்ளை கற்றுக்கொள்ளும்.

பக்கத்தில் உள்ள எல்லாக் கணக்கையும் ஒரே நாளில் போட வேண்டியதில்லை. முதல்நாள் ஒற்றைப்படை எண்ணிட்ட கணக்குகள் மட்டும்: 1, 3, 5, 7 என்று. இரட்டைப்படையை அப்படியே விட்டுவைத்து, ஒரு வாரம் கழித்து அதே பக்கத்துக்குத் திரும்பி வாருங்கள். அன்று சரியாக வந்தால்தான் பாடம் பதிந்திருக்கிறது. சொல்லிக்கொடுத்த அன்றே பத்துக்குப் பத்து எடுப்பது பெரிய விஷயமில்லை, முதல் கணக்கைப் பார்த்து மற்றவற்றையும் அதே மாதிரி இறக்கிவிடலாம்.

கலப்புப் பக்கம் வேண்டும் என்று சொன்னதும் இதனால்தான். பக்கத்தின் தலைப்பே 'கழித்தல்' என்று இருந்தால், என்ன செய்வது என்ற முடிவைப் புத்தகமே எடுத்துக் கொடுத்துவிடுகிறது. மிச்சம் இருப்பது கைவேலை மட்டும். தேர்வில் தலைப்பு இருக்காது. அங்கே போய்க் கூட்டுவதா பெருக்குவதா என்று பிள்ளை விழிக்கும். கலப்புப் பக்கம் இல்லாத புத்தகம் ஏற்கெனவே கையில் இருந்தால், வாரத்தில் ஒருநாள் நான்கு வெவ்வேறு பக்கங்களிலிருந்து இரண்டிரண்டு கணக்கை எடுத்து நீங்களே ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்.

பொருள், படம், எண்

பயிற்சிப் புத்தகம் பாடம் நடத்தாது. வழிகாட்டும் அம்புக்குறியும் ஒரு மாதிரிக் கணக்கும் மேலே இருந்தாலும், அதைப் படித்துப் புரிந்துகொள்ளும் பிள்ளைகள் குறைவு. புதிய பாடம் என்றால் புத்தகத்தைத் திறக்குமுன் கையில் எடுத்துச் செய்து பார்க்க வேண்டும், பிறகு படமாக வரைய வேண்டும், அதன் பின்தான் எண். செயல், உருவம், குறியீடு என்ற இந்த மூன்று நிலைகளை உளவியலாளர் ஜெரோம் புரூனர் 1960களில் விளக்கினார்.

இதற்குத் தேவையான சாமான் கொஞ்சம்தான்: முப்பது பொத்தான், நூறு மெல்லிய குச்சி, ரப்பர் பேண்ட். பத்துக் குச்சியை ஒரு கட்டாகக் கட்டிவையுங்கள். 52 − 37 என்றால் ஐந்து கட்டும் இரண்டு உதிரியும். ஏழை எடுக்க உதிரி போதவில்லை என்றதும் பிள்ளை தானாகவே ஒரு கட்டை அவிழ்க்கும். அந்த அவிழ்ப்புதான் பாடநூல் சொல்லும் 'இனமாற்றம்', நாம் சொல்லும் 'கடன் வாங்குதல்'. நான்கைந்து கணக்கை இப்படிச் செய்தபின், நின்ற கோடு பத்து, புள்ளி ஒன்று என்று தாளில் வரைந்து செய்யட்டும். அதன் பிறகு எண்ணால் மட்டும் எழுதுவது சுலபமாக வரும்.

எண்கள் ஒன்றின்கீழ் ஒன்று நேராக நிற்காததால் வரும் தப்புகளும் நிறைய. கட்டம் போட்ட நோட்டு இருந்தால் நல்லது. இல்லையென்றால் சாதாரணக் கோடு போட்ட நோட்டைப் பக்கவாட்டில் திருப்பிவையுங்கள். கிடைக்கோடுகள் நின்ற கோடுகளாகிவிடும், ஒவ்வொரு பத்தியிலும் ஓர் இலக்கம்.

தப்பைப் படிப்பது

விடை தவறாக இருந்தால் பெரும்பாலோர் 'கவனமே இல்லை' என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறார்கள். 1978இல் ஜான் சீலி பிரவுன், ரிச்சர்ட் பர்ட்டன் ஆகிய இரு ஆய்வாளர்கள் பிள்ளைகள் செய்யும் கழித்தல் தப்புகளை ஆராய்ந்து, அவற்றில் பல கவனக்குறைவால் வருவதில்லை, ஒரு தவறான விதியை ஒழுங்காகக் கடைப்பிடிப்பதால் வருகின்றன என்று காட்டினார்கள். விதியைக் கண்டுபிடித்துவிட்டால் திருத்துவது ஒரு நாள் வேலை. கண்டுபிடிக்காமல் இன்னும் இருபது கணக்குக் கொடுத்தால் அந்தத் தவறான விதிக்கே இருபது முறை பயிற்சி கொடுத்ததாகிவிடும்.

503 − 268 என்ற ஒரே கணக்கை எடுத்துக்கொள்வோம். சரியான விடை 235. பிள்ளை 365 என்று எழுதியிருந்தால், ஒவ்வொரு இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சின்ன இலக்கத்தைக் கழித்திருக்கிறது: 8இலிருந்து 3, 6இலிருந்து 0. மேலே கீழே என்ற கணக்கே அதன் மனதில் இல்லை. இந்தப் பிள்ளை குச்சிக்கட்டுக்குத் திரும்ப வேண்டும். 245 என்று எழுதியிருந்தால் நிலைமை வேறு. இதற்கு இனமாற்றம் தெரியும். நூறிலிருந்து வாங்கி நடுவில் இருந்த பூஜ்யத்தைப் பத்தாக்கியது, அதிலிருந்து ஒன்றை ஒன்றாம் இடத்துக்குக் கொடுத்தது, ஆனால் பத்து ஒன்பதாகக் குறைந்ததை மறந்துவிட்டது. இதற்கு நடுவில் பூஜ்யம் வரும் கணக்கு நான்கு போதும், ஒவ்வொரு மாற்றத்தையும் மேலே சின்னதாக எழுதச் சொல்லி. இரண்டுமே தப்பு, இரண்டுக்கும் ஒரே மருந்து இல்லை.

சின்ன வகுப்பில் 4 + 3க்கு 6, 9 − 3க்கு 7 என்று ஒன்று குறைந்தோ கூடியோ வந்துகொண்டே இருந்தால், பிள்ளை தொடங்கும் எண்ணையே முதல் எண்ணிக்கையாக எடுத்துக்கொள்கிறது: 'நாலு, அஞ்சு, ஆறு'. எண்கோட்டில் விரலை 4இல் வைத்துவிட்டு, தாவலை மட்டும் எண்ணச் சொல்லுங்கள். அளவுகோலை 0க்குப் பதில் 1இல் வைத்து அளப்பதும் இந்தக் குடும்பம்தான். 7 சென்டிமீட்டர் கோடு 8 என்று வரும்.

8 + 4 = □ + 5 என்ற கணக்கில் கட்டத்துக்குள் 12 என்று எழுதினால், சமக்குறி அதற்கு 'விடை இங்கே' என்ற பலகையாகத் தெரிகிறது. இரண்டு பக்கமும் ஒரே அளவு என்பதைத் தராசாக வரைந்து காட்டினால் 7 வந்துவிடும். □ − 4 = 9க்கு 5 என்று எழுதும் பிள்ளைக்கும் இதையே காட்டலாம்.

பெருக்கலில் 23 × 14க்கு 115 வந்தால் இரண்டாம் வரியில் 230 எழுத வேண்டிய இடத்தில் 23 எழுதி, 92ஓடு கூட்டியிருக்கிறது. உண்மையான விடை 322. இங்கே தோராயம் பார்க்கும் பழக்கம் கைகொடுக்கும்: 20 × 10 மட்டுமே 200 ஆயிற்றே, 115 எப்படி வரும்? வகுத்தலில் 612 ÷ 6 = 12 என்பது இதே மாதிரி விழுங்கப்பட்ட பூஜ்யம். 12ஐ ஆறால் பெருக்கிப் பார்த்தால் 72தான் வருகிறது.

பின்னத்தில் 1/2 + 1/3 = 2/5 என்று எழுதுபவர்கள் மேலே உள்ளதை மேலேயும் கீழே உள்ளதைக் கீழேயும் கூட்டியவர்கள். 'அரையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் அரையைவிடக் குறையுமா?' என்று கேட்டு இரண்டு தாள் பட்டைகளை மடித்துக் காட்டுங்கள். 0.35 என்பது 0.4ஐவிடப் பெரிது என்பவர்கள் 35ஐயும் 4ஐயும் முழு எண்களாகப் பார்க்கிறார்கள். 0.4ஐ 0.40 என்று எழுதிக் காட்டினால் போதும்.

எண்ணைக் காதால் கேட்டு எழுதும்போது வரும் தப்பு தனி. 'முந்நூற்று எட்டு' என்றதும் 3008 என்று எழுதுவது, கேட்டதைக் கேட்டபடி 300, 8 என்று வைப்பதால். நம் மொழியில் இன்னொரு சிக்கலும் உண்டு: தொண்ணூறில் 'நூறு' ஒலிக்கிறது, தொள்ளாயிரத்தில் 'ஆயிரம்' ஒலிக்கிறது, இரண்டுமே அதற்குக் கீழே உள்ள எண்கள். எழுநூறு, எண்ணூறு என்று வரிசையாகச் சொல்லி வந்த பிள்ளை அடுத்தது தொண்ணூறு என்று சொன்னால் கண்டிக்க ஒன்றுமில்லை. 80, 90, 100 என்றும் 800, 900, 1000 என்றும் இரண்டு வரிசையாக எழுதி மாற்றி மாற்றிச் சொல்ல வையுங்கள்.

திருத்தும் முறை

அன்றைக்குப் போட்டதை அன்றைக்கே திருத்துங்கள். சிவப்பு மையில் பெருக்கல் குறி வேண்டாம், தவறிய கணக்கின் பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி போதும். 'இதை எப்படிப் போட்டாய், சொல்லு' என்று கேளுங்கள். சரியாக வந்த கணக்கு ஒன்றைப் பற்றியும் அப்படியே கேளுங்கள், இல்லாவிட்டால் கேள்வி கேட்டாலே தப்பு என்று பிள்ளை புரிந்துகொண்டு அழிப்பானைத் தேடும். சொல்லிக்கொண்டே வரும்போது பாதிப் பிள்ளைகள் தாங்களே நிறுத்தி 'ஓ' என்பார்கள். அப்போது உங்கள் கை பென்சிலைத் தொடக்கூடாது. அழிக்கவும் விடாதீர்கள். ஒரு கோடு போட்டு அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுதட்டும், அழித்துவிட்டால் எந்த விதி தவறியது என்று பார்க்க உங்களிடம் ஒன்றும் மிஞ்சாது.

பள்ளியில் ஒரு முறையும் வீட்டில் ஒரு முறையும் சொல்லிக்கொடுப்பது ஆரம்பத்தில் குழப்பம் மட்டுமே தரும். வகுப்பு நோட்டைப் பார்த்து அந்த முறையிலேயே போகவும். நாம் படித்த முறை வேகமாக இருக்கலாம், அதைப் பிறகு காட்டலாம்.

வாக்கியக் கணக்கு

'மொத்தம் என்றால் கூட்டு, மீதி என்றால் கழி, அதிகம் என்றால் கூட்டு' என்று சொல்லிக்கொடுப்பது குறுக்கு வழி மாதிரித் தெரியும். இந்தக் கணக்கில் அது விழுந்துவிடும்: 'ரவியிடம் 12 பென்சில் உள்ளது. இது கீதாவிடம் இருப்பதைவிட 5 அதிகம். கீதாவிடம் எத்தனை?' அதிகம் என்ற சொல்லைப் பிடித்தவர் 17 என்பார். விடை 7. சொல்லைத் தேடாமல் இரண்டு பட்டை வரையச் சொல்லுங்கள், ரவிக்கு நீளமாக ஒன்று, கீதாவுக்கு அதைவிடச் சின்னதாக ஒன்று, வித்தியாசத்தில் 5. எதைக் கண்டுபிடிக்க வேண்டும் என்பது படத்திலேயே தெரியும். வாசிப்பு இன்னும் தடுமாறுகிற பிள்ளைக்குக் கணக்கை நீங்களே வாசித்துக் காட்டுங்கள். அங்கே சோதிப்பது கணக்கை, எழுத்துக் கூட்டுவதை இல்லை. வாக்கியக் கணக்கு ஒரு நாளைக்கு இரண்டு போதும்.

வாய்ப்பாடு

10 × 10 வரை நூறு பெருக்கல் இருப்பதாகத் தெரிந்தாலும் 3 × 7ம் 7 × 3ம் ஒன்றுதான் என்பதால் 55ஆகக் குறைகிறது. 1, 2, 5, 10 வாய்ப்பாடுகள் எளிதில் வந்துவிடும். அவற்றை நீக்கினால் மிச்சம் 21. இந்த 21ஐயும் சின்ன அட்டைகளில் எழுதி, பயிற்சிப் புத்தகத்துக்கு முன் இரண்டு நிமிடம் காட்டுங்கள். உடனே சொன்னது ஒரு பக்கம், தயங்கியது இன்னொரு பக்கம். தயங்கியவை மட்டும் மறுநாள். இதற்குக் கடிகாரம் வைத்துப் போட்டி நடத்த வேண்டாம், தெரிந்ததும் பதற்றத்தில் மறந்துபோகும். விரல் விட்டு எண்ணுவதையும் தடை செய்யாதீர்கள். 8 + 5ஐ 8 + 2 + 3 என்று பத்தாக்கிப் போடத் தெரிந்ததும் விரல் தானாக மடங்கிவிடும்.

ஒரே வகைக் கணக்கு மூன்று நாள் தொடர்ந்து தவறினால் அந்தப் பக்கத்தை மடித்துவைத்துவிட்டு ஒரு படி கீழே இறங்குங்கள். அழுகை வந்தால் அன்றைக்கு அதோடு நிறுத்திவிடலாம், கடைசியாகப் பிள்ளைக்கு நிச்சயம் தெரிந்த ஒரு கணக்கைப் போடவைத்துவிட்டு. புத்தகம் முழுதும் முடிந்தபின் எடைக்குப் போட அவசரப்படாதீர்கள். பென்சில் புள்ளி வைத்த கணக்குகளில் பத்தைத் தனித்தாளில் எழுதி வைத்திருந்து, ஒரு மாதம் கழித்து முன்னறிவிப்பு இல்லாமல் கொடுங்கள். அடுத்த புத்தகத்தை எந்தப் பக்கத்திலிருந்து தொடங்குவது என்பதை அந்தத் தாளைப் பார்த்து முடிவு செய்யலாம்.