பூனை சோபாவைக் கிழிக்காமல் இருக்க

பூனை சோபாவைப் பிறாண்டுவது குறும்பினாலும் அன்று, கோபத்தினாலும் அன்று. நகத்தின் பழைய மேலுறையைக் கழற்றவும், தூங்கி எழுந்ததும் முதுகையும் தோளையும் நீட்டி முறிக்கவும், பாதத்திலுள்ள சுரப்பிகளின் மணத்தைப் பதித்துத் தன் எல்லையை உறுதிசெய்யவும் அது எங்கேனும் பிறாண்டியே ஆக வேண்டும். ஆகையால் தடுப்பதற்கு முன் மாற்றிடம் கொடுக்க வேண்டும். இல்லையேல் சோபாவை விட்ட பூனை கதவு நிலைக்குப் போகும்.

மாற்றிடம் என்பது அசையாத ஒரு கம்பம். பின்னங்காலில் நின்று உடலை முழுவதும் நீட்ட அதற்கு 3 அடி உயரம் தேவை. கடைகளில் விற்பவற்றுள் குட்டையானவை இதற்கு உதவா. 4 அங்குல பி.வி.சி. குழாயை அந்த உயரத்திற்கு வெட்டி, ஒன்றரை அடிச் சதுரப் பலகையில் இறுகப் பொருத்தி, உள்ளே மணல் நிரப்பி, 8 மி.மீ. தேங்காய் நார்க் கயிற்றை இடைவெளியின்றிச் சுற்றுங்கள். 40 மீட்டருக்குச் சற்று மேல் பிடிக்கும். சென்னை காசிமேட்டில் படகுகளுக்கு வாங்கும் நைலான் கயிறு வேண்டாம், அது வழுக்கும், நகம் பதியாது. ராயபுரத்திலும் பழைய வண்ணாரப்பேட்டையிலும் உள்ளது போன்ற ஒற்றை அறை வாடகை வீடுகளில் கம்பத்திற்கு இடமில்லை என்றால், நீளமான பலகையொன்றில் கோணியை இறுக்கிச் சுற்றி ஜன்னல் கம்பியோடு ஆடாமல் கட்டிவிடலாம். தரையில் கிடக்கும் மிதியடியையே நாடும் பூனைக்குக் கோணி சுற்றிய பலகையைப் படுக்கையாகப் போட வேண்டும்.

கம்பத்தை மூலையில் ஒளித்து வைப்பதால்தான் பலருடைய முயற்சி வீணாகிறது. பூனை எந்தக் கைப்பிடியைக் கிழிக்கிறதோ அதை ஒட்டியே முதலில் வைக்க வேண்டும்; அது நன்கு பழகிய பிறகு, நாளுக்குச் சில அங்குலமாக நமக்கு வசதியான இடத்திற்கு நகர்த்தலாம். பூனைவணங்கி என்றும் வழங்கும் குப்பைமேனி நம் பகுதியின் காலிமனைகளில் தானாகவே முளைக்கிறது. அதன் வேரைப் புதிதாகப் பிடுங்கிக் கயிற்றில் தேய்த்தால் பல பூனைகள் மணத்திற்கு ஈர்க்கப்பட்டு வரும். தின்னக் கொடுக்க வேண்டியதில்லை.

இதற்குப் பிறகே சோபாவைக் காக்கும் வேலை. இருபுறமும் ஒட்டும் டேப்பைக் கைப்பிடியில் ஒட்டலாம், அல்லது வழுவழுப்பான தடித்த பிளாஸ்டிக் தாளை இறுக்கிப் போர்த்தலாம். பினாயில், அந்துருண்டை, யூகலிப்டஸ் தைலம் ஆகியவற்றை விரட்டும் பொருளாகப் பயன்படுத்தவே கூடாது. பாதத்தில் ஒட்டி நக்கப்படும்போது அவை பூனைக்கு நஞ்சாகும். அடிப்பதாலும் தண்ணீர் தெளிப்பதாலும் பூனை உங்களிடம் அஞ்சக் கற்குமே தவிர, நீங்கள் இல்லாத நேரத்தில் பிறாண்டுவதை விடாது.

நகத்தின் கூர்நுனியை இரண்டு, மூன்று வாரத்திற்கொருமுறை வெட்டினால் சேதம் வெகுவாகக் குறையும். உள்ளே தெரியும் இளஞ்சிவப்புப் பகுதியில் இரத்த நாளமும் நரம்பும் உள்ளதால் அதைத் தொடாமல் வெட்ட வேண்டும். முறை தெரியாதவர்கள் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ அருகிலுள்ள கால்நடை மருத்துவரிடமோ ஒருமுறை நேரில் பார்த்துக் கற்றுக்கொள்வது நல்லது. நகத்தை நிரந்தரமாக நீக்கும் அறுவை சிகிச்சையை நினைக்கவே வேண்டாம், அது விரலின் கடைசி எலும்பையே வெட்டி எடுக்கும் கொடுமை.

கயிறு பிய்ந்து தொங்குகிறது என்று கம்பத்தைத் தூக்கி எறியாதீர்கள். தன் மணமும் கீறலும் பதிந்த அதைத்தான் பூனை விரும்பும். முற்றிலும் அறுந்த பகுதியில் மட்டும் புதுக் கயிற்றைச் சுற்றினால் போதும்.