ஆங்கிலச் சொல்லுக்கு வேர் தேடுகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

சொற்களின் பூர்வீகம் தேடப் புதிதாக இறங்குகிறவர்கள் எழுதுவதைப் படித்தால், நான் ஆரம்பத்தில் தடுமாறிய அதே இடங்களில்தான் அவர்களும் தடுமாறுகிறார்கள். அகராதியைத் திறக்காமலே எழுதுவதைப் பற்றி இங்கே பேசப் போவதில்லை.

ஒலி ஒத்துப்போனால் உறவு என்று முடிவுகட்டுவது

'கேஷ் என்பது நம்ம காசுதான்' என்ற வரியைப் பார்த்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. கைப்பணத்தைக் குறிக்கும் கேஷ் 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலத்தில் தலைகாட்டியது. அந்தக் காலத்தில் அதற்குப் பணப்பெட்டி என்றும் பொருள் இருந்தது. பிரெஞ்சு கேஸ், இத்தாலிய காஸ்ஸா, அவற்றுக்கு மூலமான லத்தீன் காப்ஸா எல்லாமே பெட்டிதான். பெட்டியின் பெயர் உள்ளே கிடந்த பணத்துக்கு ஏறிவிட்டது.

சரி, காசு ஆங்கிலத்துக்குப் போகவே இல்லையா? போனது. ஆங்கிலத்தில் இன்னொரு கேஷ் உண்டு. தென்னிந்தியச் சில்லறை நாணயத்துக்கும், நடுவில் சதுரத் துளையிட்ட சீனச் செப்புக்காசுக்கும் ஆங்கிலேயர் வைத்த பெயர் அது. நம் காசு போர்ச்சுகீசியர் வாயில் 'காய்ஷா' ஆகி, அங்கிருந்து ஆங்கிலத்துக்குப் போனது. எழுத்து ஒன்று, உச்சரிப்பு ஒன்று, வம்சம் வேறு.

தமிழிலிருந்து போன சொற்கள் என்று ஒருவர் நீண்ட பட்டியல் அனுப்பியிருந்தார். பெட்டிக் கதையைச் சொன்னதும் மனம் வெறுத்து, காசு என்ற வரியையே அடித்துவிட்டார். பொய் உறவைப் பிடித்துத் தொங்கியதில் உண்மையான உறவும் கைநழுவியது. ஒலியைக் கேட்டதும் துள்ள வேண்டாம். முதன்முதலில் எப்போது எழுதப்பட்டது, அன்று என்ன பொருள், யார் கொண்டுபோனார்கள்? இந்த மூன்றுக்கும் விடை கிடைத்த பிறகு பேசலாம்.

இன்றைய பொருளை வைத்து வேர் தேடுவது

நம் கட்டுமரத்திலிருந்து போன கேட்டமரான் இன்று இரட்டை உடல் படகு. அதனால் 'இரண்டு படகைச் சேர்த்துக் கட்டியதுதான் கட்டுமரம்' என்று விளக்கம் எழுதுகிறார்கள். ஆங்கிலேயக் கடலோடி வில்லியம் டாம்பியர் 1697இல் வெளியிட்ட பயண நூலில், சோழமண்டலக் கரையின் கேட்டமரான் வெறும் மரக்கட்டை மிதவை. இரட்டை உடல் படகு பசிபிக் தீவுகளின் மரபு. பெயர் அப்புறம்தான் அதன்மேல் ஏறியது.

கடன் வாங்கியதையும் புதிதாகச் செய்ததையும் குழப்புவது

எதிர்பாராமல் நல்லது கைக்கு வருவதைக் குறிக்கும் செரண்டிபிட்டி, இலங்கையிலிருந்து கப்பலேறிய சொல் அல்ல. ஆங்கில எழுத்தாளர் ஹொரேஸ் வால்போல் 1754இல் ஒரு கடிதத்தில் உருவாக்கியது. இலங்கைக்குச் சொந்தம் உள்ளிருக்கும் 'செரண்டிப்' என்ற அதன் பழைய பெயர் மட்டும்.

நான்கு திசைகளின் ஆங்கிலப் பெயர்களின் முதலெழுத்துதான் நியூஸ் என்பது

இல்லை. 'நியூ'வின் பன்மை, அவ்வளவுதான்.