காய்ச்சலா? முதலில் அளந்து பாருங்கள்

சித்திரை வெயிலில் சேலம் கடைவீதிக்குப் போய்வந்த யாருடைய நெற்றியைத் தொட்டாலும் சுடத்தான் செய்யும். மார்கழிக் காலையில் ஏற்காட்டில் சில்லிட்ட கையால் தொட்டால், ஒன்றுமில்லாத குழந்தைகூட அனலாகத் தெரியும். ‘உடம்பு கொதிக்குது’ என்று பாட்டி சொன்னால் அலட்சியம் வேண்டாம். ஆனால் மருந்து பாட்டிலைத் திறக்கும் முன் அளந்துவிடுங்கள்.

1. எந்தத் தெர்மாமீட்டர்?

மெடிக்கலில் கிடைக்கும் சாதாரண டிஜிட்டல் தெர்மாமீட்டர் போதும். பாதரசம் உள்ள பழைய கண்ணாடித் தெர்மாமீட்டரைக் குழந்தைகளுக்கு எடுக்காதீர்கள். உடைந்தால் பாதரசம் தரையெல்லாம் ஓடும், அதன் ஆவி கெடுதல். கொரோனா காலத்தில் கடை வாசலில் நெற்றிக்கு நேரே நீட்டினார்களே, அது வேகமானதுதான். ஆனால் வெயிலில் வந்த நெற்றிக்கும் ஃபேனுக்கு அடியில் இருந்த நெற்றிக்கும் வேறு வேறு கணக்குச் சொல்லும். அதுதான் கையில் இருக்கிறது என்றால், நிழலில் கால் மணி நேரம் உட்காரவைத்து, வியர்வையைத் துடைத்துவிட்டுப் பாருங்கள்.

2. அளக்கும் முறை

சின்னக் குழந்தைகளுக்கு அக்குள்தான் வசதி. அக்குளைத் துணியால் ஒற்றி எடுங்கள், ஈரம் இருந்தால் அளவு குறைத்துக் காட்டும். முனை அக்குளின் நடுக்குழியில் தோலோடு ஒட்டியிருக்க வேண்டும், இடையில் சட்டைத்துணி வரக்கூடாது. கையை உடம்போடு சேர்த்துப் பிடித்து, பீப் சத்தம் வரும்வரை விடாதீர்கள். அடம்பிடிக்கும் குழந்தையை மடியில் வைத்து அணைத்துக்கொண்டாலே கை தானாக மூடிக்கொள்ளும்.

பெரியவர்கள் நாக்குக்கு அடியில் வைத்து வாயை மூடிக்கொள்ளலாம். டீயோ ஐஸ் தண்ணீரோ குடித்திருந்தால் அரை மணி நேரம் கழித்து.

3. எண் என்ன சொல்கிறது?

98.6 டிகிரி ஃபாரன்ஹீட் என்பது 1868-இல் ஜெர்மன் மருத்துவர் வுண்டர்லிஷ் எழுதிய சராசரி. சராசரி மட்டுமே. ஆரோக்கியமான உடம்பு விடியற்காலையில் 97-க்குப் பக்கத்திலும், மாலையில் 99-ஐ ஒட்டியும் இருக்கும். பொதுவாக 100.4 (38 செல்சியஸ்) எட்டினால் காய்ச்சல் என்று வைத்துக்கொள்ளுங்கள். 102.2 என்பது 39, 104 என்பது 40. அக்குள் அளவு வாயில் வருவதைவிட அரை முதல் ஒரு டிகிரி குறைவாக வரும். அதற்காக நீங்களே கூட்டிச் சொல்ல வேண்டாம், ‘அக்குளில் 100’ என்றால் டாக்டர் புரிந்துகொள்வார்.

ஒரு நோட்டில் எழுதிவையுங்கள்: ‘காலை 6.10, அக்குள், 101.2, சிரப் 6 மில்லி’. இப்படி ஒரு வரி போதும்.

எண்ணைவிடக் குழந்தையின் முகம் முக்கியம். 102-இலும் விளையாடுகிற குழந்தை இருக்கும், 100-இலேயே துவண்டு கிடக்கிற குழந்தையும் இருக்கும். இரண்டாவதுதான் எனக்குப் பயம் தரும்.

4. மருந்துக்கு முன் துணி

கிருமி நுழைந்ததும் மூளையில் உள்ள ஹைப்போதலாமஸ் உடம்பின் சூட்டை வேண்டுமென்றே கூட்டுகிறது, கீசரைத் திருகி ஏற்றுவதுபோல. ஏறும்போது நடுக்கம் வரும், அப்போது மெல்லிய போர்வை சரி. நடுக்கம் நின்றதும் எடுத்துவிடுங்கள். மலையில் குளிர் என்று குரங்குக் குல்லா, இரண்டு ஸ்வெட்டர், மேலே கம்பளி என்று மூட்டைகட்டினால் சூடு வெளியே போக வழியில்லை. துடைப்பதாக இருந்தால் வெதுவெதுப்பான தண்ணீர். ஐஸ் தண்ணீர், ஸ்பிரிட் இரண்டும் கூடாது. கஞ்சி, இளநீர், ஓ.ஆர்.எஸ். என்று எது இறங்குகிறதோ அதை அடிக்கடி கொடுங்கள்.

5. பாராசிட்டமால் கணக்கு

குழந்தைக்கு வயதை வைத்து அல்ல, எடையை வைத்து. கிலோவுக்கு 15 மில்லிகிராம். 10 கிலோ குழந்தைக்கு 150. இனி பாட்டிலைத் திருப்பிப் படியுங்கள். 5 மில்லியில் 125 என்றிருந்தால் 6 மில்லி, 250 என்றிருந்தால் 3 மில்லிதான். இரண்டு பாட்டிலும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், சொட்டு மருந்தோ இன்னும் அடர்த்தி. சமையல் ஸ்பூன் வேண்டாம், கூடவே வரும் மூடிக் கோப்பையால் அளங்கள். அடுத்த வேளைக்குக் குறைந்தது நான்கு மணி நேரம், ஒரு நாளில் நான்கு தடவைக்கு மேல் இல்லை. மூன்று மாதத்துக்குள் உள்ள குழந்தைக்கு 100.4 வந்தாலே, வீட்டு மருந்து எதுவும் தராமல் நேராக ஆஸ்பத்திரி.

‘காய்ச்சலுக்கு ஒரு செட் மாத்திரை குடுங்க’ என்று மெடிக்கலில் கேட்கும் பழக்கத்தை விடுங்கள். டெங்குவாக இருந்தால் ஆஸ்பிரின், ஐபுபுரோஃபென், டைக்ளோஃபினாக் போன்றவை இரத்தக்கசிவைக் கூட்டும். அந்தச் செட்டில் என்ன இருக்கிறது என்று வாங்குபவருக்குத் தெரியாது.

6. வெயில் சூடு வேறு

ஏப்ரல், மே மாதங்களில் கட்டட வேலையிலோ வயலிலோ இருந்தவர் உளறினால், மயங்கினால், 104-க்கு மேல் போனால் அது வெப்பத் தாக்கம். இங்கே கீசரை யாரும் திருகவில்லை, வெளிச்சூட்டை உடம்பால் தள்ள முடியவில்லை. அதனால் பாராசிட்டமால் கேட்காது. நிழலுக்குக் கொண்டுபோய், தண்ணீரை ஊற்றி விசிறுங்கள், 108-ஐ அழையுங்கள். நினைவு தெளியாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

7. வலிப்பு வந்தால்

ஆறு மாதம் முதல் ஐந்து வயதுவரை சில குழந்தைகளுக்குக் காய்ச்சலோடு வலிப்பு வரும். கையில் சாவிக்கொத்தைத் திணிக்காதீர்கள், வாயில் ஸ்பூன் வைக்காதீர்கள். ஒருக்களித்துப் படுக்கவைத்துக் கடிகாரத்தைப் பாருங்கள். பெரும்பாலும் சில நிமிடங்களில் தானாக நிற்கும். ஐந்து நிமிடம் தாண்டினால் 108. நின்றுவிட்டாலும் அன்றே டாக்டரிடம் காட்டுங்கள்.

8. காய்ச்சல் விட்ட நாள்

ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு வரும் காய்ச்சலில் இதைக் கவனியுங்கள். டெங்குவில் ஆபத்து பெரும்பாலும் மூன்றாம் நாளுக்குப் பிறகு, சூடு இறங்கும்போதுதான் தலைகாட்டும். தெர்மாமீட்டர் 98 காட்டுகிறது, ஆனால் வயிறு விடாமல் வலிக்கிறது, வாந்தி நிற்கவில்லை, ஈறில் இரத்தம், கைகால் சில்லிட்டு ஒரே சோர்வு என்றால் காத்திருக்க வேண்டாம். நோட்டை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.