20 லிட்டர் கேனைத் தூக்கும் முன்

எங்கள் மடிப்பாக்கம் வீட்டில் போர் தண்ணீர் உப்பு. குடிக்க கேன்தான். ஒரு ஞாயிறு காலை கேன் போடும் தம்பி வாசலிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார் (மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது, அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை). படுக்கையிலிருந்து எழுந்து பத்து நிமிடம்கூட ஆகவில்லை. குனிந்தேன், தூக்கினேன், அப்படியே டிஸ்பென்சர் பக்கம் திரும்பினேன். இடுப்பு பிடித்துக்கொண்டது. நாலு நாள் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடை.

செய்த மூன்றுமே தப்பு. செய்த நேரமும் தப்பு. இரவு படுத்திருக்கும்போது முதுகெலும்பு டிஸ்க்குகள் (எலும்புகளுக்கு நடுவே இருக்கும் மெத்தைகள்) நீரை உறிஞ்சி உப்பியிருக்கும். காலையில் நாம் கொஞ்சம் உயரமாக இருப்பது அதனால்தான். அந்த நிலையில் குனிந்தால் டிஸ்க்கில் அழுத்தம் கூடும். எழுந்து ஒரு மணி நேரமாவது போகட்டும். காபி குடியுங்கள், கேன் எங்கும் ஓடிவிடாது.

இன்னொரு கணக்கு. 20 லிட்டர் தண்ணீர் 20 கிலோ. முதுகுத் தசை டிஸ்க்குக்குப் பின்னால் சுமார் 5 செ.மீ. தள்ளி நின்று இழுக்கிறது. கேன் 60 செ.மீ. முன்னால் இருந்தால் தசை அதன் எடையைப்போல 12 மடங்கு (60 ÷ 5), அதாவது 240 கிலோ அளவுக்கு இழுத்தாக வேண்டும். வயிற்றோடு அணைத்து 30 செ.மீ.க்குக் கொண்டுவந்தால் 120. நம் உடம்பின் எடை இதில் சேரவில்லை.

படி 1: ஒட்டடைக் கம்பு

கேனைத் தொடாதீர்கள். ஒட்டடைக் கம்பை முதுகோடு செங்குத்தாகப் பிடியுங்கள். பின்தலை, தோள்பட்டைகளின் நடுவே, புட்டத்துக்கு மேலுள்ள எலும்பு என்று மூன்று இடத்தில் அது தொட வேண்டும். மூன்றும் விலகாமல் குனியுங்கள். பெரும்பாலும் கீழே உள்ளதுதான் முதலில் விலகும். இடுப்புக்குப் பதில் முதுகு வளைகிறது என்று அர்த்தம். இரண்டு கையிலும் பை இருக்கும்போது பின்பக்கத்தால் கதவைத் தள்ளிச் சாத்துவோமே, அதே அசைவுதான். முழங்கால் லேசாக மடங்கட்டும். தொடையின் பின்புறம் இழுத்தால் சரியாகச் செய்கிறீர்கள்.

நான் நேராகத்தான் குனிகிறேன் என்று நம்பியிருந்தேன். பக்கவாட்டில் மொபைலை வைத்து வீடியோ எடுத்துப் பார்த்தால், முதுகு ஆட்டோக் கூரை மாதிரி வளைந்திருக்கிறது! கண்ணை மூடினாலும் கை எங்கே, கால் எங்கே என்று சொல்லும் உணர்வுக்கு 1906இல் பிரிட்டிஷ் நரம்பியல் அறிஞர் சார்லஸ் ஷெரிங்டன் ‘புரோப்ரியோசெப்ஷன்’ என்று பெயர் வைத்தார். என் முதுகுக்கு அது கொஞ்சம் மந்தம். கம்பு அதைத் தட்டி எழுப்புகிறது. தினம் 10 முறை, ஒரு வாரம். “ஒட்டடை அடிக்காம என்னடா பண்றே?” என்று அம்மா கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

படி 2: காலி கேன்

கேனின் இருபுறமும் கால்களை அகட்டி நின்று, கம்பில் பழகியபடி இறங்குங்கள். ஒரு கை கேனின் கழுத்தில், அதைச் சாய்த்து மறு கை அடியில். முதலில் தொடைமேல் ஏற்றி, மார்போடு அணைத்து, மூச்சை விட்டபடி எழுந்திருங்கள். தயக்கமில்லாமல் வந்த பிறகு நிறைந்த கேன்.

படி 3: திரும்புவது

பாதத்தைத் திருப்புங்கள், இடுப்பை முறுக்காதீர்கள். மூக்கும் தொப்புளும் எப்போதும் ஒரே பக்கம் பார்க்க வேண்டும்.

ஏற்கெனவே வலி இருந்தால் இதெல்லாம் இப்போது வேண்டாம். வலி முழங்காலுக்குக் கீழே இறங்கினாலோ கால் மரத்தாலோ டாக்டரைப் பாருங்கள். சிறுநீர் அடக்க முடியாமல் போனாலோ, தொடையிடுக்கு மரத்தாலோ உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

கேனை டிஸ்பென்சரில் கவிழ்ப்பதற்கு நான் படி எழுதவில்லை. எவ்வளவு பழகினாலும் அந்த நொடியில் கேன் உடம்பை விட்டு விலகித்தான் ஆகும். கேனின் வாயில் பொருத்தும் கை பம்ப் ஒன்று வாங்கி, கேனை ஸ்டூல்மேல் நிமிர்த்தியே வையுங்கள். எங்கள் வீட்டு டிஸ்பென்சர் இப்போது பரணில் இருக்கிறது.