பெயர் எழுதப் போகிறவர்கள் கவனிக்க

இலங்கைப் போரில் இறந்தவர்களின் பெயர்களைத் துணித் துண்டுகளில் எழுதிப் பொது இடத்தில் கட்டும் வேலைக்காகக் கொழும்பு வெள்ளவத்தையில் கொஞ்ச நாள் உட்கார்ந்திருக்கிறேன். வந்த எல்லோரும் நல்ல மனதோடு வந்தவர்கள். ஆனாலும் பிழைகள் விட்டோம்.

முதலாவது, ஆங்கிலப் பட்டியலைப் பார்த்துத் தமிழில் எழுதியது. யாழினி யாலினி ஆகிவிட்டாள், குணாளன் குனாலன் ஆகிவிட்டான். முதலெழுத்து இன்னும் மோசம்: 'எஸ்' என்றால் சின்னத்தம்பியா, செல்லையாவா, சுப்பிரமணியமா? தகப்பன் பெயர் மாறினால் அது வேறு ஆள். பெயரைக் குடும்பத்தவர் கைப்பட எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்பட்டும், அதைப் பார்த்து எழுதுங்கள். சிங்களப் பெயர்களைச் சிங்களம் தெரிந்தவரே சரிபார்க்க வேண்டும். 1996 ஜனவரி 31 மத்திய வங்கிக் குண்டுவெடிப்பில் உறவைப் பறிகொடுத்தவர்களும் இதே கொழும்பில்தான் இருக்கிறார்கள்.

இதைவிடப் பெரிய பிழை ஒன்று உண்டு. காணாமல் ஆக்கப்பட்டவரின் படத்தை இறந்தவர்களின் வரிசையில் வைத்து மாலை போடாதீர்கள். கிளிநொச்சியில் 2017 பெப்ரவரியில் போராட்டம் தொடங்கிய தாய்மார், பிள்ளை எங்கே என்றுதான் கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கு நீங்கள் விளக்கேற்றி விடை சொல்ல முடியாது. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் படங்களுக்குத் தனி இடம் ஒதுக்குங்கள், தானாகப் போனவர்போல 'காணாமல் போனவர்' என்றும் எழுதாதீர்கள். குத்துவிளக்கும் பூவும் எல்லோருக்கும் பொது என்றும் நினைக்க வேண்டாம். 1990 ஓகஸ்ட்டில் காத்தான்குடிப் பள்ளிவாசலில் தொழுகையில் கொல்லப்பட்டவர்களின் உறவினரிடம், எப்படி நினைவுகூர விரும்புகிறீர்கள் என்று முதலில் கேளுங்கள்.

படம் எடுப்பதிலும் அவசரம் கூடாது. 2024 மேயில் சம்பூரில், போரின் இறுதி நாட்களை நினைவுகூரும் முள்ளிவாய்க்கால் கஞ்சியைக் கொடுத்ததற்காகவே பெண்களைக் கைது செய்தார்கள். ஊரிலிருந்து வரும் ஒரு அம்மாவின் முகம் உங்கள் முகநூலில் வந்தால், விசாரணை அவர் வீட்டு வாசலுக்குத்தான் போகும். கேட்காமல் போடவே வேண்டாம். இடத்துக்கான அனுமதியை எழுத்தில் வாங்கி, பிரதியைக் கையில் வைத்திருங்கள்.

மே மாதத்தில் கொழும்பில் மழை வராது என்று நம்பி மார்க்கரால் எழுதினால் மை கரைந்து வழியும். துணிக்குரிய பெயின்றால் எழுதி, காய்ந்த பிறகு மறுபக்கம் அயன் பண்ணுங்கள். காலிமுகத்திடல் பக்கம் என்றால் இரும்புக் கம்பி உப்புக் காற்றில் துருப்பிடித்துப் பெயர்மேல் கறை விடும். நைலோன் கயிறு போதும்.

கழற்றும் நாளுக்கும் இப்போதே ஆள் சொல்லி வையுங்கள். எழுத வருகிறவர்கள் அன்றைக்கு வருவதில்லை. ஈரத் துணியை மூட்டையாகக் கட்டினால் பூஞ்சணம் பிடிக்கும். விரித்துக் காயவைத்து, கேட்கிற குடும்பத்துக்கு அவரவர் துணியை மடித்துக் கொடுங்கள்.